உங்கள் மாமாவை ஜோ ஆக்கிவிடாதீர்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. சிறு வயதிலேயே அப்பா தவறிவிட்டார். அம்மாவின் தம்பிதான் என்னை வளர்த்துப் படிக்கவைத்தார். லாரி டிரைவர். வேலையில் சேர்ந்த புதிதில், வீட்டில் விட்டுவிட்டு வந்த சான்றிதழ் ஃபைலைக் கொடுக்க அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கூட வந்த தோழி "யாரு?" என்று கேட்டாள். "டிரைவர்" என்றேன். பொய் இல்லையே, அவர் டிரைவர்தானே என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் காதில் விழுந்துவிட்டது. எப்போதும் "வரேன் பாப்பா" என்பவர், அன்றைக்கு "வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது வருடம் ஆகிறது. மாதாமாதம் பணம் அனுப்புகிறேன், வாரம் தவறாமல் போன் செய்கிறேன். ஆனால் அதைப் பற்றிப் பேசியதில்லை. என் வீட்டுக்கு அவரை ஒருமுறைகூட அழைத்ததும் இல்லை. போன மாதம் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படிக்க ஆரம்பித்தேன். பள்ளியில் அதன் சுருக்கப் பதிப்பு மட்டும் படித்திருக்கிறேன். தன்னை வளர்த்த ஜோ லண்டனுக்கு வரும்போது பிப் கூசிப்போகும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். அது வார்த்தைக்கு வார்த்தை நான்தான். மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை. ஒரு கதாபாத்திரத்தோடு இப்படி ஒன்றிப்போவது மனநோயா? மன்னிப்புக் கேட்டால் மாமாவும் ஜோ மாதிரி மன்னித்துவிடுவார் என்று தோன்றுகிறது; போகத்தான் தைரியம் வரவில்லை. நாவலை முடிக்கட்டுமா, விட்டுவிடட்டுமா? அந்தப் பகுதியை மாமாவுக்குப் படித்துக் காட்டலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இது மனநோய் கிடையாது. கதாபாத்திரத்தோடு ஒன்றிப்போவது இன்று நேற்று வந்ததல்ல. 1774இல் ஜெர்மானிய எழுத்தாளர் கதேயின் வெர்தர் நாவல் வெளியானபோது, நாயகனைப் போலவே நீலக் கோட்டும் மஞ்சள் உள்சட்டையும் போட்டுக்கொண்டு இளைஞர்கள் திரிந்தார்கள். நீங்கள் எடுத்திருக்கும் நாவலோ முழுக்கத் தன்மையில் சொல்லப்பட்டது. 'நான் கூசினேன்', 'நான் ஒளித்தேன்' என்று பிப் சொல்லச் சொல்ல, அந்த 'நான்' உங்கள் மனசுக்குள் உங்கள் குரலில்தான் ஒலிக்கும். ஏற்கெனவே ஆறாத புண் ஒன்றை வைத்துக்கொண்டு இருபத்தாறு அத்தியாயம் அப்படிப் படித்தவருக்கு, இருபத்தேழாவதில் சுரீரென்று வலித்திருக்கிறது. வலிக்காமல் இருந்திருந்தால்தான் நான் யோசித்திருப்பேன்.

தூக்கத்தைப் பற்றி மட்டும் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். தூக்கக் கேட்டோடு சாப்பாடு இறங்காதது, எதிலும் மனம் ஒட்டாதது, 'நான் இருந்து என்ன' என்ற எண்ணம் இவற்றில் எது சேர்ந்திருந்தாலும், இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாமல் ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். கடிதத்தில் நான் பார்க்க முடியாததை அவர் பார்ப்பார்.

உங்கள் கடிதம் வந்ததும் அந்த 27ஆம் அத்தியாயத்தை நானும் எடுத்து மறுபடி படித்தேன். ஜோ மாடிப்படி ஏறி வருகிறான். ஒவ்வொரு மாடியிலும் நின்று கதவுகளில் உள்ள பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். உள்ளே வருவதற்கு முன் காலைத் துடைக்கிறான், துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். தொப்பியை, முட்டையோடு இருக்கும் குருவிக்கூட்டைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான். கணப்பு மேடையின் ஓரத்தில் அதை வைத்தால் அது விழுந்துகொண்டே இருக்கிறது. அவன் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். ஒரு வாக்கியத்தில் 'பிப்' என்கிறான், அடுத்ததில் 'சார்' என்கிறான். காசு கொடுத்து அவன் வருகையைத் தடுக்க முடிந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று பிப் ஒப்புக்கொள்வது இந்த அத்தியாயத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது.

'சார்' என்ற இடத்தில் உங்களுக்கு மாமாவின் 'வரேங்க' கேட்டிருக்கும். மூடிவைத்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

அதே அத்தியாயத்தில் இன்னொரு வரி உண்டு. வலியில் நீங்கள் அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள். 'நான் ஜோவிடம் இன்னும் இயல்பாக இருந்திருந்தால், ஜோவும் என்னிடம் இயல்பாக இருந்திருப்பான். எல்லாம் என் தவறு. அதை உணரும் புத்தியோ மனசோ அன்றைக்கு எனக்கு இல்லை' என்கிற அர்த்தத்தில் பிப் சொல்கிறான். இதைச் சொல்வது யார்? லண்டன் அறையில் கூசிப்போய் நிற்கும் அந்த இளைஞனுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அப்படி நடந்திருக்க மாட்டான். சொல்வது, பல வருடம் கழித்து எல்லாம் முடிந்தபின் உட்கார்ந்து எழுதுகிற மூத்த பிப்.

ஆக அந்தக் காட்சியில் இரண்டு பிப் இருக்கிறார்கள். ஒருவன் செய்கிறான், ஒருவன் தீர்ப்புச் சொல்கிறான். நீங்கள் இளையவனின் செயலையும் எடுத்துக்கொண்டீர்கள், மூத்தவனின் தீர்ப்பையும் எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் மூத்தவனிடம் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிட்டீர்கள். அவன் அந்தச் செயலோடு உறைந்துபோய் நிற்கவில்லை. அதன்பின் விழுந்தான், எழுந்தான், கடனைத் திருப்பிக் கொடுத்தான், இப்போது ஒளிக்காமல் சொல்கிறான். 27ஆம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடினால் அந்த ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார். எனவே நாவலை முடியுங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில் அதுதான்.

குறிப்பாக அடுத்த அத்தியாயத்தை, 28ஐ, ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். பிப் சொந்த ஊருக்குப் போக வேண்டி வருகிறது. ஜோவின் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று முதலில் நினைக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகச் சாக்கு வருகிறது: ஜோவுக்குத் தொந்தரவு, முன்கூட்டிச் சொல்லவில்லை, படுக்கை தயாராக இருக்காது, போக வேண்டிய இடத்துக்கு அங்கிருந்து தூரம். கடைசியில் விடுதியில் தங்குகிறான். அங்கே டிக்கன்ஸ் ஒரு கள்ள நாணயத்தைக் காட்டுகிறார். அடுத்தவன் அடித்த கள்ளக் காசைத் தெரியாமல் வாங்கி ஏமாந்தால் அது நியாயம். நானே அடித்த கள்ளக் காசை நானே நல்ல பணம் என்று எண்ணி வாங்கிக்கொள்கிறேனே என்கிறான் பிப்.

"பொய் இல்லையே, அவர் டிரைவர்தானே" என்பது அந்தக் காசு. ஆனால் அதை எனக்கு எழுதும்போது, "அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன்" என்று சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அது செல்லாத காசு என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. எவ்வளவு நாளாகத் தெரியும் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கென்னவோ அன்று சாயங்காலமே தெரிந்திருக்கும் என்று படுகிறது.

எங்கள் துறையில் ஒரு வேறுபாடு சொல்வோம். ஹெலன் பிளாக் லூயிஸ் என்ற உளவியலாளர் 1971இல் எழுதிய நூலில் அழுத்திச் சொன்னது. குற்றவுணர்வு 'நான் செய்தது தப்பு' என்று செயலைச் சுட்டும். அவமான உணர்வு 'நானே மோசம்' என்று ஆளையே சுட்டும். முதலாவது நம்மை எழுப்பி எதையாவது சரிசெய்ய அனுப்பும். இரண்டாவது மூலையில் ஒளியவைக்கும். யாரை வருத்தினோமோ அவர் முகத்தையே பார்க்க விடாது. நீங்கள் மாமாவை வீட்டுக்கு அழைக்காததற்கு, அவரைப் பற்றிய கூச்சம் இன்னும் இருப்பதுதான் காரணம் என்று உங்களை நீங்களே ஏசிக்கொள்கிறீர்களோ என்று சந்தேகப்படுகிறேன். அவர் வாசலில் வந்து நின்றால் அந்த வரவேற்பறையும் கூடவே வந்து நிற்கும் என்ற பயமாகவும் அது இருக்கலாம். ஒன்பது வருடம் தள்ளிவைத்தது அவரையா, அந்த நாளையா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே டிக்கன்ஸைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன். 1824இல் அவருடைய அப்பா கடனுக்காக மார்ஷல்சி சிறையில் அடைக்கப்பட்டார். 12 வயதுப் பையன், ஷூவுக்குப் போடும் கறுப்பு மையைப் புட்டியில் அடைக்கும் தொழிற்கூடத்தில் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்த பாப் ஃபாகின் என்ற பையன் ரொம்பப் பிரியமாக இருந்தான். ஒருநாள் டிக்கன்ஸுக்கு விலாவில் தாங்க முடியாத வலி. பாப் வைக்கோலில் படுக்கவைத்து, வெந்நீர் நிரப்பிய புட்டிகளை மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுத்தான். சாயங்காலம் தனியே விட மனமில்லாமல் வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்று கூடவே நடந்தான். வீடு எங்கே? சிறையில் இருக்கும் அப்பாவைப் பற்றிச் சொல்ல முடியுமா? சவுத்வர்க் பாலத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டைக் காட்டி, இதுதான் எங்கள் வீடு என்று கைகொடுத்து விடைபெற்றார் டிக்கன்ஸ். பாப் திரும்பிப் பார்த்தால் சந்தேகப்படக் கூடாதே என்று அந்த வீட்டுக் கதவையும் தட்டினார். கதவைத் திறந்த பெண்ணிடம், 'இது ராபர்ட் ஃபாகின் வீடுதானே?' என்று கேட்டார்.

அன்பு காட்டியவனிடமே மறைத்து நிற்கவைக்கும் வெட்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. இந்தத் தொழிற்கூடக் கதையை நண்பர் ஜான் ஃபார்ஸ்டரிடம்தான் மனம் விட்டுச் சொன்னார். 1870இல் டிக்கன்ஸ் இறந்தபின் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பரிலிருந்து வாரத் தொடராக வந்தபோது, பிப்போடு சேர்ந்து கூசியவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவரின் கதை தெரிந்திருக்கும்? அந்த 27ஆம் அத்தியாயத்தில் நீங்கள் தனியாக இல்லை, அம்மா. எழுதிய கையும் அங்கே இருக்கிறது.

இப்போது எனக்கு உண்மையாகவே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். உங்களைப் பிப் என்று நீங்கள் நினைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. "மாமாவும் ஜோ மாதிரி மன்னித்துவிடுவார்" என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் நான் நின்றுவிட்டேன்.

நாவலில் ஜோ என்ன செய்கிறான்? காய்ச்சலில் கிடக்கும் பிப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறான். பிப்பின் நகைக்கடைக் கடனான 123 பவுண்டு, 15 ஷில்லிங், 6 பென்ஸை யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டு, பிப் தேறியதும் ஒரு விடிகாலையில் சிறு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அந்தக் கடிதத்தோடு ரசீது மட்டும் இருக்கிறது, குறை எதுவும் இல்லை. நமக்கு அழுகை வருகிறது. ஆனால் ஜோ எப்படி மன்னிக்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் டிக்கன்ஸ். உங்கள் மாமாவை யாரும் எழுதவில்லை. அவருக்குக் கோபம் இருக்கலாம். மறந்தே போயிருக்கலாம். அதைவிடப் பெரிய வருத்தம், நீங்கள் நினைத்தே பார்க்காத ஏதோ ஒன்று, அவருக்கு இருக்கலாம். நீங்கள் ஜோவைத் தேடிப் போனால், அவர் கோபப்படும்போது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த ஏமாற்றம் முகத்தில் தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவரை 'டிரைவர்' என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்தீர்கள். இப்போது 'ஜோ' என்ற ஒரு சொல்லுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள். இரண்டாவது உயர்ந்த சொல்தான். ஆனாலும் அதற்குள்ளும் அவர் இல்லை.

ஜோகூட நாம் நினைவில் வைத்திருக்கும் ஜோ கிடையாது. ஜோவின் மனைவி பிப்பின் அக்காதான். அவள் பிப்பை அடிக்கும்போதெல்லாம் ஜோ தடுக்க முடியாமல் இருந்தவன். தன் அப்பா அம்மாவை அடித்ததைப் பார்த்து வளர்ந்ததால், ஒரு பெண்ணுக்குத் தன்னால் தீங்கு வந்துவிடுமோ என்று பயந்து ஒதுங்கி நின்றவன். அந்த ஒதுக்கத்தில் அடி வாங்கியது பிப். பள்ளிச் சுருக்கப் பதிப்புகளில் இது பெரும்பாலும் காணாமல் போய்விடும். முழு நாவலில் 7ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது, நீங்களும் படித்துத் தாண்டியிருப்பீர்கள்.

அந்த 'வரேங்க'வையும் கொஞ்சம் கிட்டே வைத்துப் பார்ப்போம். ஜோவின் 'சார்' தடுமாற்றத்தில் வருவது. அறையும் சட்டைக் காலரும் நெருக்க, எப்படிப் பேசுவது என்று தெரியாமல் வருவது. உங்கள் மாமாவின் 'ங்க' அப்படித்தானா? "டிரைவர்" என்று நீங்கள் சொன்னது காதில் விழுந்தபின் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். "வரேன் பாப்பா" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோழி உங்களைத் திரும்பிப் பார்த்திருப்பாள். நீங்கள் சொன்ன சொல் அம்பலமாகியிருக்கும். ஒரு நொடியில் அதைப் புரிந்துகொண்டு, உங்களைக் காப்பாற்ற அந்த 'ங்க'வைப் போட்டிருக்கலாம். மனம் உடைந்து, 'சரி, இனி நான் உனக்கு யாரோதான்' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எந்த அத்தியாயத்திலும் இதற்கு விடை கிடையாது. அவரிடம்தான் இருக்கிறது.

அதனால் போங்கள். தைரியம் வந்தபின் போகலாம் என்று காத்திருந்தால் அது இன்னொரு கள்ளக் காசு. அடுத்த வாரம் போன் செய்யும்போது, எப்போது வரட்டும் என்று கேளுங்கள். முதல் சந்திப்பு அவர் இடத்திலேயே இருக்கட்டும். ஜோ விடைபெறும்போது சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: இந்த உடுப்பில் நான் தப்பான ஆள், என் கொல்லுப் பட்டறை ஜன்னலில் தலையை நீட்டி, கையில் சுத்தியலோடு என்னைப் பார், அப்போது என்னிடம் இவ்வளவு குறை தெரியாது. அவர் இயல்பாக உட்காரும் இடத்தில் அவர் உட்காரட்டும். நாற்காலி நுனி அன்றைக்கு உங்களுக்கு.

என்ன பேசுவது? நீளமாகத் தயார் செய்யாதீர்கள். "அன்னைக்கு ஆபீஸ்ல உங்களை டிரைவர்னு சொன்னேன். என் மாமான்னு சொல்லியிருக்கணும். வெக்கப்பட்டேன். தப்பு." இவ்வளவு போதும். ஏன் அப்படிச் செய்தேன், வயசு அப்படி, தோழிகள் அப்படி என்ற விளக்கம் எதுவும் முதல் நாள் வேண்டாம். "மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க" என்று கேட்கவும் வேண்டாம். அது அவர் தலையில் இன்னொரு வேலையை ஏற்றிவிடும். அழுகை வந்தால் அழுங்கள். ஆனால் உங்களைத் தேற்றும் பொறுப்பு அவருக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்த்தவர்கள் உடனே தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். "சரி விடு பாப்பா" என்று ஒரே வார்த்தையில் முடிக்கப் பார்ப்பார். முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாமல் கொஞ்சம் நேரம் அங்கேயே இருங்கள். கிளம்பும்போது, உங்கள் வீட்டுக்கு எப்போது வருகிறார் என்று தேதியோடு கேளுங்கள். 'ஒருநாள் வாங்க' என்பது அழைப்பே கிடையாது.

புத்தகத்தைப் படித்துக் காட்டுவது? முதல் நாள் வேண்டாம். அதைக் காட்டினால் பேச்சு ஜோவைப் பற்றிப் போய்விடும். அவர் கதையைக் கேட்கத்தான் அங்கே போகிறீர்கள். பின்னால் ஒருநாள் அவரே "என்ன படிக்கிறே?" என்று கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள். 'இது நம்ம கதை' என்று ஆரம்பிக்காமல் கதையை மட்டும் சொல்லிவிட்டு, ஜோ செய்ததைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். ஜோ செய்தது சரியில்லை என்று அவர் சொன்னாலும் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று. அந்த 27ஆம் அத்தியாயம் எப்படி முடிகிறது என்று பாருங்கள். ஜோ படியிறங்கிப் போனபின் பிப் ஒரு கணம் அப்படியே நிற்கிறான். சுதாரித்துக்கொண்டு ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருக்களில் எல்லாம் தேடுகிறான். ஜோ போய்விட்டான். உங்கள் கடிதத்தில் மாமா உட்கார்ந்திருந்த நாற்காலி இருக்கிறது, ஃபைல் இருக்கிறது, தோழி கேட்ட கேள்வி இருக்கிறது. அவர் வெளியே போனபின் என்ன ஆனது என்று ஒரு வரிகூட இல்லை. பஸ் பிடித்தாரா, லாரியை எங்காவது நிறுத்திவிட்டு வந்திருந்தாரா, அன்றைக்குச் சாப்பிட்டாரா, வீட்டுக்குப் போய் உங்கள் அம்மாவிடம் என்ன சொன்னார்? உங்கள் நான்கு வாக்கியத்தையும் சொல்லி முடித்தபின் அதைக் கேளுங்கள். "அன்னைக்கு அங்கேயிருந்து எப்படித் திரும்பிப் போனீங்க மாமா?"